தரை டிக்கெட்டின் பெயரால்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

"தரை டிக்கெட்டுக்காக எடுத்த படம்" என்றொரு சொல்வழக்கு நம்மிடையே உண்டு. சிற்றுண்டிச்சாலையில் புதுப்படம் பற்றிப் பேச்செழுந்தால் ஐந்து நிமிடத்துக்குள் யாரேனும் ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். படத்தில் கதை இல்லையா? தரை டிக்கெட்டுக்காக. நாயகன் ஒரே அடியில் இருபது பேரைப் பறக்கவிடுகிறானா? தரை டிக்கெட்டுக்காக. காது கிழியும்படி மேளம் முழங்குகிறதா? அதுவும் அவர்களுக்காகத்தான். படமெடுப்போரும் இதையே சற்று நாகரிகமாகப் "பாமர ரசிகன்" என்பார்கள். அந்தப் பாமர ரசிகனைக் கூப்பிட்டு, "ஐயா, உமக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டவர் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை.

நான் அந்தப் பாமர ரசிகனின் வீட்டிலிருந்து வருகிறவன். என் ஆயா எம்.ஜி.ஆர். படங்களை டென்ட் கொட்டகையில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்தவர். தந்தை பெயிண்டர், தாயார் வால்மீகி நகரில் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறார். கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். திருவான்மியூரில் சினிமாப் பேச்சு என்றால் ஜெயந்தி, தியாகராஜா என்ற இரு பெயர்கள் வராமல் போகா. ஜெயந்தி என்பது பேருந்து நிறுத்தத்தின் பெயராகவே ஆகிவிட்டது. ஆகவே சென்ற இரண்டாண்டுப் படங்களைப் பற்றிச் சில வார்த்தை சொல்ல எனக்கும் உரிமை உண்டென்று கருதுகிறேன்.

தரை டிக்கெட் இன்று இல்லை. அதன் வாரிசு இருக்கிறது. பல திரைகள் கொண்ட அரங்குகளில் அடிப்படைக் கட்டணம் குறைந்தது 50 ரூபாய், அதிகம் 150 ரூபாய் என்று 2017 அக்டோபரில் அரசு வரையறுத்தது. வரிகளைச் சேர்த்தால் 2024-இல் முன்வரிசைக்கு ஏறத்தாழ 60 ரூபாய், பின்வரிசைக்கு ஏறத்தாழ 190 ரூபாய். அந்த 60 ரூபாய் இருக்கைகள் மிகச் சில. திரைக்கு வெகு அருகில். கழுத்தை அண்ணாந்தே வைத்திருக்க வேண்டும். 2024 ஜூனில் இக்கல்லூரியில் சேர்ந்த நாள் முதல் நான் பார்த்த படங்களெல்லாம் அந்த இருக்கையிலிருந்து பார்த்தவை. நாயகனின் முகத்தைவிட அவனது மூக்குத் துவாரத்தை நான் நன்கறிவேன்.

பேராசிரியர் கா. சிவத்தம்பி தமிழ்த் திரைப்படம் பற்றி எழுதும்போது ஓர் அரிய கருத்தைச் சொல்லியிருக்கிறார். தமிழர்கள் யாவரும் ஒரே கூரையின்கீழ் வந்து அமர்ந்த முதல் கலையரங்கு சினிமாக் கொட்டகைதான். அங்கே யார் எங்கே உட்காருவது என்பதைப் பிறப்பு தீர்மானிக்கவில்லை, கொடுத்த காசு தீர்மானித்தது என்பது அக்கருத்தின் சாரம். எங்கள் ஆயாவின் தலைமுறைக்கு இது சிறிய செய்தியன்று. கோயிலில் எட்ட நின்றவர்கள் கொட்டகைக்குள் முன்னால் உட்கார்ந்தார்கள். தரையிலேயாயினும் முன்னால்!

அப்படி முன்னால் உட்கார்ந்தவனின் பெயரைச் சொல்லித்தான் இன்று ஓசை விற்பனையாகிறது. 2024 நவம்பர் 14 அன்று வெளிவந்த 'கங்குவா'வை நினைத்துப் பாருங்கள். ஒலி தாங்கவில்லை என்று முதல் நாளே புகார் எழுந்தது. ஒலியளவை இரண்டு புள்ளி குறைக்குமாறு அரங்கினரைத் தயாரிப்பாளரே கேட்டுக்கொண்டார். ஒலிப்பதிவுக்கு ஆஸ்கர் விருது பெற்ற ரசூல் பூக்குட்டியும் இந்த இரைச்சல் போட்டியைக் குறித்து வருந்தி எழுதினார்.

இயற்பியல் மாணவன் என்பதால் ஒரு சிறு விளக்கம். ஒலிச்செறிவு 10 டெசிபெல் கூடினால் பத்து மடங்காகும்; 20 கூடினால் நூறு மடங்கு. அரங்கின் முதன்மை ஒலிபெருக்கிகள் திரைக்குப் பின்னால் இருக்கின்றன. திரையிலுள்ள நுண்துளைகள் வழியே ஓசை வருகிறது. தூரம் குறையக் குறையச் செறிவு கூடும். மூடிய அரங்கில் சுவர்கள் எதிரொலிப்பதால் பாடப்புத்தகக் கணக்கு அப்படியே வராதுதான். ஆனால் காதுக்கு ஏற்றத்தாழ்வு தெரிந்துவிடுகிறது. ஆக, யாருக்காக அந்த இரைச்சல் என்கிறார்களோ அவன்தான் அதிகமாக அடி வாங்குகிறான். நாள் முழுதும் சுவர் சுரண்டும் இயந்திரத்தின் அருகில் நின்றுவிட்டு வரும் என் தந்தை, மாலையில் 60 ரூபாய் கொடுத்து இன்னோர் இயந்திரத்தின் அருகில் போய் உட்கார ஆசைப்படுவார் என்று எப்படித்தான் தீர்மானித்தார்களோ!

முன்வரிசைக்காரனுக்கு நேரான, எளிய கதைதான் புரியும் என்பது இரண்டாவது குற்றச்சாட்டு. இதற்கு 2024 ஜூன் 14 அன்று வெளியான 'மகாராஜா' ஒன்றே போதும். நித்திலன் சாமிநாதன் இயக்கி, விஜய் சேதுபதி நடித்த ஐம்பதாவது படம். சலூன் கடைக்காரர் ஒருவர் 'லட்சுமி'யைக் காணவில்லை என்று காவல் நிலையம் போகிறார். லட்சுமி ஒரு குப்பைத்தொட்டி. காலத்தை முன்னும் பின்னுமாகக் கலைத்துப் போட்டிருக்கிறார்கள். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று எழுதிக் காட்டவுமில்லை. என் பக்கத்து இருக்கையில் இருந்தவர் மீன்பாடி வண்டி ஓட்டுபவர். இடைவேளைக்குப் பின் முடிச்சு அவிழ்வதற்குக் கால்மணி நேரம் முன்பே, "தம்பி, அது அப்போ நடந்தது, இது இப்போ" என்று எனக்கு அவர் சொன்னார். படம் இங்கே ஓடியது. அவ்வாண்டு இறுதியில் சீனாவிலும் திரையிடப்பட்டு ஓடியது. ஒரு பெண்பிள்ளைக்கு நேரும் கொடுமையைக் கதைத் திருப்பத்துக்கான ஆணியாக அடித்திருப்பது எனக்கு உவப்பாயில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது வேறு வழக்கு. "புரியாது" என்ற வழக்கு தள்ளுபடியாகிறது.

செப்டம்பர் 20-இல் வந்த 'லப்பர் பந்து' எங்கள் தெருவின் படம். தமிழரசன் பச்சமுத்து இயக்கியது. அட்டகத்தி தினேஷ் மட்டையாளர், ஹரிஷ் கல்யாண் பந்துவீச்சாளர். இளையவன் விரும்பும் பெண்ணோ மூத்தவரின் மகள். வில்லன் என்று தனியே ஒருவர் இல்லை. இரண்டு பேருடைய வீம்புதான் வில்லன். அணியில் இடம் கொடுக்கும்போது சாதி எப்படி ஓசையின்றி உள்ளே நுழைகிறது என்பதை மேடைப்பேச்சு எதுவுமின்றிக் காட்டியிருக்கிறார். கடற்கரை மணலில் ஞாயிறு தோறும் பந்தடிக்கும் எவனுக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. அன்று அரங்கில் எழுந்த சீட்டியொலியில் என்னுடையதும் உண்டு. சீட்டியடிப்பவனுக்குச் சிந்தனை கிடையாது என்பது, கைதட்டாதவர்கள் தமக்குத்தாமே கொடுத்துக்கொண்ட நற்சான்றிதழ்.

நண்பர்களே, நீங்கள் கேட்கப்போகும் கேள்வியை நான் அறிவேன். "அப்படியானால் 'கொட்டுக்காளி' ஏன் ஓடவில்லை?" நியாயமான கேள்வி.

2024 ஆகஸ்டு 23 அன்று ஒரே நாளில் இரண்டு படங்கள் வந்தன. ஒன்று மாரி செல்வராஜின் 'வாழை'. மற்றது பி. எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'. வாழைத்தார் சுமக்கும் சிறுவனின் கதை முன்னது. ரஜினியா கமலா என்று நண்பனோடு சண்டை போடுகிறான், ஆசிரியையிடம் அன்பு கொள்கிறான், நம்மையெல்லாம் சிரிக்க வைக்கிறான். தாருக்கு ஒரு ரூபாய் கூலி உயர்வு கேட்டவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதில் கொண்டுபோய் நிறுத்துகிறது படம். ஒரு ரூபாய் என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் முன்வரிசையில் அதிகம். படம் முடிந்து விளக்கெரிந்தபின் எங்கள் வரிசையில் யாரும் உடனே எழவில்லை.

'கொட்டுக்காளி'யில் பின்னணி இசை கிடையாது. நாயகி அன்னா பென் ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. வேறு சாதி இளைஞனை விரும்பிய பெண்ணுக்குப் 'பேய்' ஓட்ட, குடும்பமே ஆட்டோவிலும் இருசக்கர வாகனத்திலும் புறப்பட்டுப் போகிறது, அவ்வளவுதான் கதை. வழியை மறித்து நிற்கும் காளையை அத்தனை ஆண்களாலும் நகர்த்த முடியவில்லை. ஒரு சிறுமி வந்து அழைத்துப் போகிறாள். அந்தக் காட்சிக்காக அரங்கிலிருந்த பதினைந்து பேரும் கைதட்டினோம். மொத்தமே பதினைந்து பேர்தான்.

ஏன்? என் விடை இது: நான் போனது வேலை நாளின் முற்பகல் 11 மணிக் காட்சி. மாலைக் காட்சிகள் வேறு படங்களுக்குப் போய்விட்டன. முற்பகல் 11 மணிக்குப் பெயிண்டர் சாரத்தின்மேல் இருக்கிறார். வீட்டு வேலைக்காரர் இரண்டாவது வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார். கல்லூரிக்கு மட்டம் போட்ட மாணவர்களும், காதலர்களும், ஓய்வு பெற்றவர்களும்தான் அந்நேரத்துக்கு வரமுடியும். உழைப்பவன் வரமுடியாத நேரத்தில் திரையிட்டுவிட்டு, "பாமரனுக்கு இது பிடிக்கவில்லை" என்று எழுதுவது எந்த ஊர் நியாயம்? மாலைக் காட்சி கொடுத்திருந்தால் நூறு நாள் ஓடியிருக்கும் என்று சொல்லமாட்டேன். 'வாழை' கொடுத்த சிரிப்பையும் பாட்டையும் 'கொட்டுக்காளி' கொடுக்கவில்லை. களைத்து வருகிறவன் முதலில் 'வாழை'க்குத்தான் போவான், அதில் தவறுமில்லை. ஆனால் தேர்வே எழுதவிடாமல் தோற்றதாக மதிப்பெண் போடுவதைத்தான் நான் ஒப்பவில்லை.

'மெய்யழகன்' விஷயம் இன்னும் வருத்தம் தருவது. 2024 செப்டம்பர் 27 அன்று வெளியானபோது ஏறத்தாழ மூன்று மணி நேரம். நீளம் என்று பேச்செழுந்ததும் சில நாட்களிலேயே ஏறத்தாழ 18 நிமிடங்களை வெட்டிவிட்டார்கள். ஜல்லிக்கட்டுப் பகுதியும் அதில் போயிற்று. நல்லவேளையாக நான் தாயாரை முதல் ஞாயிறன்றே அழைத்துப் போயிருந்தேன். பிறந்த வீட்டை இழந்து தஞ்சையைவிட்டுச் சென்னைக்கு வந்த ஒருவர் (அரவிந்த்சாமி), இருபதாண்டுக்கு மேல் கழித்து உறவினர் திருமணத்துக்குப் போகிறார். அங்கே தம்மீது அன்பைப் பொழியும் ஒருவனின் (கார்த்தி) பெயர் அவருக்கு நினைவில்லை, கேட்கவும் கூச்சம். இரவெல்லாம் பேசுகிறார்கள். என் தாயார் செஞ்சிப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் இங்கு வந்தவர். திரும்பும்போது, "பேரு தெரியாமலே ராத்திரி பூரா பேசிட்டாரு பாரு, அந்த வெக்கம் இருக்கே... நம்ம ஊர்லயும் எனக்கு அப்படி ரெண்டு பேரு இருக்காங்கடா" என்றார். நீளம் என்று அவர் சொல்லவேயில்லை.

நீளம் என்று யார் சொன்னார்கள்? காட்சி முடிந்து வருவோர் முகத்துக்கு நேரே ஒலிவாங்கியை நீட்டுகிறார்களே, அங்கே கேட்ட குரல்கள்தாம் பெரும்பாலும். வேகமாக வெளியே வருகிறவன், உரக்கப் பேசுகிறவன், நடித்துக் காட்டுகிறவன் இவர்களே அகப்படுவார்கள். முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி பேருந்துக்கு ஓடும் பெண்ணிடம் எவரும் கேட்பதில்லை. இதற்குத் தயாரிப்பாளர்கள் கண்ட மருந்து விசித்திரமானது. அரங்க வளாகத்துக்குள் யூடியூப்காரர்களை அனுமதிக்காதீர்கள் என்று 2024 நவம்பரில் அறிக்கை விட்டார்கள். முதல் மூன்று நாள் இணைய விமர்சனத்துக்கே தடை வேண்டும் என்று உயர்நீதிமன்றம் வரை போனார்கள். நீதிமன்றம் டிசம்பரில் அத்தகைய தடை விதிக்க மறுத்தது. நல்லது. காசு கொடுத்தவன் வாயைக் கட்டலாகாது. ஆனால் அந்த ஒலிவாங்கியைக் கண்டு பயந்து சொந்தப் படத்தையே வெட்டிக்கொள்வானேன்? 'இந்தியன் 2'-இல் ஏறத்தாழ 12 நிமிடம் வெட்டினார்கள்; 'கங்குவா'விலும் அவ்வாறே. இரண்டும் அதனால் பிழைக்கவில்லை. உடம்பு சரியில்லாதவனுக்கு முடி வெட்டிவிட்ட கதைதான்.

பெரிய படங்கள் எல்லாம் இரைச்சல் என்பதும் என் கட்சியன்று. தீபாவளிக்கு வந்த 'அமரன்' பெரிய படம்தான். மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்வைப் போர்க்களத்தில் மட்டும் காட்டாமல் அவர் மனைவியின் காத்திருப்பில் காட்டியதால், அந்தத் துப்பாக்கிச் சத்தத்துக்கும் ஒரு பொருள் கிடைத்தது. சாய் பல்லவி பேசாமல் நிற்கும் இடங்களில் முன்வரிசை இருமவும் இல்லை. மாறாக, 2025 ஆகஸ்டு 14-இல் வந்த 'கூலி'க்கு 'ஏ' சான்றிதழ். 'அபூர்வ ராகங்கள்' வெளியாகி அரை நூற்றாண்டு நிறைவதையொட்டி வந்த ரஜினி படத்தை எங்கள் தெருப் பிள்ளைகள் ஒரு மாதமாக எதிர்பார்த்திருந்தார்கள். ரஜினி படத்தைச் சிறுவர் பார்க்க முடியாதபடி எடுப்பதற்கு அவ்வளவு இரத்தம் எதற்கு? தந்தை மட்டும் போய்வந்து, "பாட்டு நல்லாருந்துச்சு" என்றார். அவர் அப்படிச் சொன்னால் மற்றது நன்றாயில்லை என்று பொருள்.

அதே ஆண்டு மே முதல் நாள் 'டூரிஸ்ட் ஃபேமிலி' வந்தது. இலங்கை நெருக்கடியால் படகேறி வந்து, சென்னையில் ஒளிந்து வாழும் ஈழத் தமிழ்க் குடும்பம். சசிகுமாரும் சிம்ரனும் பெற்றோர். இயக்கிய அபிஷன் ஜீவிந்துக்கு அதுவே முதல் படம். சூர்யாவின் 'ரெட்ரோ'வோடு ஒரே நாளில் வந்தும் தாக்குப்பிடித்தது. நாட்கள் செல்லச் செல்லக் காட்சிகள் கூடின. சட்டத்தின் கேள்விகளை அது இலேசாகக் கடந்துவிடுகிறது என்று நம் வரலாற்றுத் துறை நண்பர் வாதிட்டார். அதில் உண்மை உண்டு. என்றாலும், வாடகைக்கு வந்தவரை விசாரிக்காமல் ஒரு வாய் சோறு கொடுக்கும் தெரு ஒன்றைக் காட்டியதற்கு எங்கள் வரிசை நன்றியோடு கைதட்டியது. இதற்கும் 60 ரூபாய்தான் கொடுத்தோம்.

மாணவர் மன்றத்துக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் கருத்தரங்கக் கூடத்தில் படவீழ்த்தியும் ஒலிபெருக்கியும் இருக்கின்றன. உரிய அனுமதி பெற்று 'கொட்டுக்காளி'யை அங்கே ஒருமுறை திரையிடலாம். கல்லூரி நேரத்துக்குப்பின் வேலைக்குப் போகும் மாணவர்கள் நம்மில் பலர். கடைநிலை ஊழியர்களும் தம் வீட்டாரை அழைத்துவர விரும்பக்கூடும். ஆகவே வேலை நாளில் வேண்டாம். ஞாயிறு மாலையாக இருக்கட்டும்.