கூட்டுறவுக்கு மட்டும் ஏன் பழைய கோப்பு?

கண்டி மாவட்டத்து வத்தேகமவைச் சூழ்ந்த தும்பறை மண்ணுக்குக் கூட்டுறவு புதிதல்ல. இலங்கையின் முதல் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் 1906இல் இந்தத் தும்பறையில்தான் எழுந்தது. அதற்கான சட்டம் 1911இல்தான் வந்தது. மக்கள் கூடிய பிறகு சட்டம் மூச்சிரைக்க ஓடிவந்த அந்தக் கதை, நூறாண்டு கடந்தும் முடியவில்லை.

கம்பனிகளைப் பாருங்கள். 1982ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒதுக்கிவிட்டு 2007இன் 7ஆம் இலக்கச் சட்டம் வந்தது. தனி ஒருவரே கம்பனி தொடங்கலாம் என்றானது. முன்பு கேட்ட இரண்டு அமைப்பு ஆவணங்கள் ஒன்றாகச் சுருங்கின. இன்று வீட்டிலிருந்தே இணையத்தில் பதிவு செய்யலாம். கூட்டுறவுக்கோ அடித்தளம் இன்னும் 1972இன் 5ஆம் இலக்கச் சட்டம்தான். துணைவிதியில் ஒரு வரியை மாற்றப் பொதுக்கூட்டமே கைதூக்கித் தீர்மானித்தாலும், பதிவாளர் அதைப் பதிவு செய்யும்வரை அந்த வரிக்கு உயிரில்லை. முதல் போட்ட ஒருவரை நம்பும் அரசு, சிறுகச் சிறுகச் சேமித்த நூறு பேரை நம்பத் தயங்குவது என்ன நியாயம்?

இந்தச் சுமை எல்லோர் தோளிலும் ஒரே அளவில் ஏறுவதில்லை. வத்தேகம, பன்வில பக்கத்துத் தோட்டங்களில் ஒரு சங்கத்தின் செயலாளர் கண்டிக்குப் போய்வர ஒரு நாள் பெயரை, அதாவது அன்றைய கூலியை, இழக்கிறார். கையில் கொண்டுபோன படிவம் அவருக்குத் தெரியாத மொழியில் இருந்தால், அதை நிரப்ப இன்னொருவர் தயவு வேண்டும். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் அரச அலுவலரோடு தமிழில் கருமமாற்ற அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. அந்த உரிமை கருமபீடத்தில் கிடைக்காதவரை ஏட்டுச் சுரைக்காய்தான்.

கெடுபிடியைத் தளர்த்தினால் மோசடி பெருகும் என்பார்கள். சங்கப் பணம் கையாடப்பட்ட கதைகளை நாமும் மறக்கவில்லை. ஆனால் கையாடல் நடப்பது பதிவுப் படிவத்தில் அல்ல, காசேட்டில். அனுமதிக்கான கோப்பை மாதக்கணக்கில் மேசையில் வைத்திருப்பதால் ஒரு சதமும் காப்பாற்றப்படுவதில்லை. வாசலில் நிற்கும் காவலைக் கணக்கறைக்கு மாற்ற வேண்டும். பதிவு எளிதாகட்டும், வருடாந்தக் கணக்காய்வு கடுமையாகட்டும், அதன் அறிக்கை உறுப்பினருக்குப் புரியும் மொழியில் பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்படட்டும்.

ஆகவே நாம் கேட்பவை நான்கு. படிவங்களும் மாதிரித் துணைவிதிகளும் இரு மொழியிலும் பிரதேச செயலகத்திலேயே கிடைக்க வேண்டும். விண்ணப்பத்தை இணையத்திலும் ஏற்க வேண்டும். மின்னணு ஆவணத்துக்குச் சட்ட மதிப்பளிக்கும் 2006இன் 19ஆம் இலக்கச் சட்டம் கையில் இருக்கிறது. கைபேசி பழகாத முதியவருக்காகக் காகித வழியும் மூடப்படக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பதிவாளருக்குக் கெடு வேண்டும். இந்தியாவின் பல மாநிலக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 2002இல் இயற்றப்பட்டபோதே நான்கு மாதக் கெடு விதித்தது. அதற்குள் பதில் வராவிட்டால் விண்ணப்பம் பதிவுக்கு ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும் என்றது. அலுவலரின் மௌனத்துக்கு மக்கள் விலை கொடுக்கக் கூடாது என்பதே அதன் சாரம்.

இதை யார் செய்வது? நம் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி மாகாணத்துக்குள் இயங்கும் கூட்டுறவுச் சங்கங்களின் பதிவும் மேற்பார்வையும் மாகாண சபையின் பொறுப்பு. மத்திய மாகாண சபையின் ஆயுளோ 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லை. நியதிச்சட்டம் திருத்த உறுப்பினரும் இல்லை. அந்த வெற்றிடத்தைச் சாக்காக்க வேண்டாம். படிவத்தை மொழிபெயர்க்கவும், விண்ணப்பத்துக்குத் திகதியிட்ட பற்றுச்சீட்டு கொடுக்கவும், அலுவலகத்துக்குள் கால எல்லை வகுக்கவும் ஒரு சுற்றறிக்கை போதும். மாகாண கூட்டுறவுத் திணைக்களம் அதை நாளைக்கே வெளியிடலாம். சட்டத் திருத்தத்தைத் தேர்தல் முடிந்து கூடும் சபை முதல் அமர்விலேயே கையிலெடுக்க வேண்டும்.

ஐக்கிய நாடுகள் சபை 2025ஐக் கூட்டுறவு ஆண்டென அறிவித்தது. தும்பறைக்கு விழா தேவையில்லை. கொடுத்த விண்ணப்பத்துக்குக் குறித்த நாளில், தன் மொழியில், ஒரு பதில் போதும்.