துவக்கும் பேர்பெற்றவர்களின் வாயும்

"விளையாட்டுக்காரன் விளையாடட்டும். நடிகன் நடிக்கட்டும். நாட்டு விவகாரத்தை அதற்கென்று இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்."

இந்த வாசகத்தை அண்மையில் ஒரு நூல் வெளியீட்டு விழா மேடையில் கேட்டேன். சொன்னவர் நம்மவரிடையே நன்கு அறியப்பட்ட மூத்த கவிஞர். சபை கைதட்டியது. வயதுக்கு மதிப்புக் கொடுத்து நானும் வாய்மூடி இருந்தேன். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

அந்த விழாவுக்கு ஒரு கிழமைக்கு முன்புதான் எங்கள் பாடசாலையில் ஆண்டு 11 மாணவர்களுக்கு விவாதப் பயிற்சி நடத்தினேன். எங்கிருந்தோ வந்த தலைப்புப் பட்டியலில் ஒன்று, 'பிரபலங்கள் துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றிப் பகிரங்கமாகப் பேச வேண்டுமா?' என்பது. ஒரு மாணவி எழுந்து, "சேர், இது அமெரிக்காக்காரங்க பிரச்சினை. நம்ம தோட்டத்துல துவக்கு ஏது?" என்றாள்.

டயகமவில் பிறந்த பிள்ளை இப்படிக் கேட்டால் குற்றம் பிள்ளையுடையதல்ல, படிப்பித்த எங்களுடையது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தபோது பொலிஸ் சுட்டு கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். 1977 மே 11ஆம் திகதி, எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லக்கூடிய டெவன் தோட்டத்தில், ஏழாயிரம் ஏக்கர் தோட்டக் காணியை வெளியாருக்குப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் பொலிஸாரின் சூட்டுக்கு இரையானார். இவை பாடப்புத்தகத்தில் இல்லை என்பதற்காக நடக்காதவை ஆகிவிடுமா? பன்றிக்கு வைத்த கட்டுத்துவக்கில் காலைப் பறிகொடுத்தவர்கள் இந்த நாட்டின் காட்டோரக் கிராமங்களில் இன்றும் இருக்கிறார்கள். 1916ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஒன்று துவக்குக்கு அனுமதிப்பத்திரம் கேட்கிறது. அந்தச் சட்டம் இருக்கத்தக்கதாகவே 2025 பெப்ரவரி 19ஆம் திகதி கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில், நீதவானின் முன்னால், விளக்கமறியல் கைதி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சட்டப் புத்தகம் ஒன்றின் பக்கங்களைக் குடைந்து அதற்குள் துவக்கை மறைத்துக் கொண்டுவந்ததாகப் பொலிஸார் கூறினர். புத்தகத்தை வைத்துப் பிழைக்கும் நமக்கு இதில் பேச ஒன்றுமே இல்லையா?

இனிக் கவிஞரின் வாதத்துக்கு வருவோம். அதில் மூன்று முடிச்சுகள் உள்ளன.

முதலாவது, பேர்பெற்றவர்களுக்கு இந்த விடயம் தெரியாது என்பது. அப்படியா? 2009 மார்ச் 3ஆம் திகதி லாகூரில் இலங்கைக் கிரிக்கட் அணியின் பஸ்ஸை வழிமறித்துச் சுட்டார்கள். பாதுகாப்புக்கு வந்த பாகிஸ்தான் பொலிஸார் ஆறு பேர் மாண்டனர். திலான் சமரவீரவின் தொடையில் குண்டு பாய்ந்தது. சங்கக்கார, மஹேல ஆகியோரும் காயப்பட்டார்கள். துவக்கைப் பற்றிப் பேச இவர்களுக்கு என்ன தகைமை குறைகிறது? அமெரிக்காவில் ஸ்டீவ் கெர் என்ற கூடைப்பந்துப் பயிற்றுநர் இருக்கிறார். அரபுலக அரசியலைக் கற்றறிந்த அவருடைய தந்தை மல்கம் கெர், பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தபோது 1984 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். மகனுக்கு அப்போது வயது 18. டெக்சாஸ் மாநிலத்து யுவால்டேயில் 2022 மே 24ஆம் திகதி ஒரு ஆரம்பப் பாடசாலைக்குள் 19 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டபோது, போட்டிக்கு முந்திய செய்தியாளர் சந்திப்பில் கூடைப்பந்து பற்றிப் பேச மறுத்துவிட்டார் கெர். அவர் பேசாமல் வேறு யார் பேசுவது?

இன்னொன்றையும் கவனியுங்கள். இதே விளையாட்டுக்காரர்கள் ரீ.வி.யில் தோன்றி எந்த பிஸ்கட்டைத் தின்பது, எந்த வங்கியில் பணம் போடுவது என்று நமக்குப் போதிக்கிறார்கள். அப்போது ஒருவரும் 'விளையாட்டுக்காரன் விளையாடட்டும்' என்று சொல்வதில்லை. பிஸ்கட்டுக்குச் சாட்சி சொல்லத் தகுதி உண்டு, மனித உயிருக்குச் சாட்சி சொல்லத் தகுதி இல்லை என்பது எந்த ஊர் நியாயம்?

இரண்டாவது முடிச்சு, அவர்கள் பிழையாகப் பேசிவிடுவார்கள் என்பது. பேசலாம். பேசியும் இருக்கிறார்கள். முத்தையா முரளிதரன் 2019 ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்சவின் பக்கம் நின்றார். எனக்கு அதில் உடன்பாடில்லை. மலையகத் தமிழர்களிலேயே பலருக்கு உடன்பாடில்லை. ஆனால் 2020 ஒக்டோபரில் அவருடைய வாழ்க்கைப் படமான '800'இலிருந்து விஜய் சேதுபதியை விலகச் செய்தார்களே, அப்போது குரல் எழுப்பியவர்களில் நடிகர்களும் சினிமா இயக்குநர்களும் இருந்தார்கள். பேர்பெற்றவர்கள் பேசக்கூடாது என்று அன்று யார் சொன்னார்? ஆகவே நம்மில் பலருக்கு இருப்பது பேச்சின் மீதான வெறுப்பல்ல, தமக்குப் பிடிக்காத பேச்சின் மீதான வெறுப்பு. அதை அப்படியே சொல்லுங்கள். கருத்துக்குக் கருத்தால் பதில் கொடுங்கள். ஒருவர் பிழையாகப் பேசினார் என்பதற்காக எல்லாருடைய வாயையும் கட்ட வேண்டியதில்லை.

மூன்றாவது, பேசி என்ன பயன் என்பது. இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மறைக்க மாட்டேன். 2019 மார்ச் 15ஆம் திகதி நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டார்கள். ஜும்ஆவுக்கு வந்துகொண்டிருந்த பங்களாதேஷ் கிரிக்கட் அணி சில நிமிடங்களால் தப்பியது. றக்பி வீரர் சொனி பில் வில்லியம்ஸ் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர்; கண்ணீரோடு பேசினார். ஒரு மாதத்துக்குள் அரைத் தானியங்கித் துவக்குகளைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது பாராளுமன்றம். றக்பி வீரரின் கண்ணீர் அல்ல. அமெரிக்காவிலோ எத்தனையோ நட்சத்திரங்கள் பேசியும் 2022 ஜூனில் வந்த சட்டம் மிகச் சிறிய அடியே.

ஆனால் பயன் என்பது சட்டம் மட்டும்தானா? 2018 மார்ச்சில் திகனயில் நம்மவர்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது சங்கக்காரவும் மஹேலவும் சனத் ஜயசூரியவும் இனவெறிக்கு எதிராகப் பகிரங்கமாகப் பேசினார்கள். அதனால் ஒரு கடைகூட எரியாமல் தப்பவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கிழமை எங்கள் பஸாரில் கடையைப் பாதிக் கதவு சாத்தியே நடத்திய ஒரு நாநா, அவர்கள் சொன்னது பத்திரிகையில் வந்தபோது அதை வெட்டிக் காசுமேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது. "மாஸ்டர், நாங்க தனியா இல்லண்டு ஒரு ஆள் சொன்னாரே" என்றார். பயனில்லை என்பவர்கள் அவரிடம் போய்ச் சொல்லட்டும்.

புகழ் ஒரு கவசம். 2011இல் லோர்ட்ஸில் ஆற்றிய உரையில், 1983 கலவரத்தில் தன் தந்தை கண்டி வீட்டில் தமிழ் நண்பர்களுக்கு அடைக்கலம் கொடுத்ததைச் சொன்ன சங்கக்கார, கிரிக்கட் நிருவாகத்தின் ஊழலையும் சாடினார். நடந்தது என்ன? விளையாட்டுத்துறை அமைச்சர் விசாரணைக்கு உத்தரவிட்டார். அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் எல்லாத் தரப்புத் துவக்குகளையும் கேள்வி கேட்டு எழுதிய மருத்துவ விரிவுரையாளர் ராஜினி திராணகமவுக்கு அந்தக் கவசம் இருக்கவில்லை. 1989 செப்ரெம்பர் 21ஆம் திகதி, சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொன்றார்கள். கவசம் இல்லாதவர்கள் பேசிச் செத்த நாட்டில், கவசம் உள்ளவர்கள் வாய்மூடி இருப்பதை அடக்கம் என்று புகழ்வது எனக்கு விளங்கவில்லை.

மௌனத்தின் கனம் நமக்குத் தெரியும். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, தமிழ் எழுத்துலகிலிருந்து இன்னும் உரத்த குரல்கள் எழவில்லையே என்று இன்றுவரை மனம் நோகிறோம். அந்த நோவு நியாயமானது. அப்படியானால் அதே தராசை நமக்கும் தூக்க வேண்டும்.

2021 ஜூலையில், கொழும்பில் ஒரு முஸ்லிம் பாராளுமன்ற உறுப்பினரின் வீட்டில் வேலைக்கு நின்ற 16 வயதுப் பிள்ளை தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்தாள். அவள் எங்கள் டயகமப் பிள்ளை. குற்றம் யாருடையது என்பது நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டியது. அதற்குள் நான் நுழையவில்லை. அங்கே துவக்கு இல்லை. ஆனால் கேள்வி ஒன்றுதான். படிக்க வேண்டிய வயதில் தோட்டத்துப் பிள்ளை அடுப்படிக்கு அனுப்பப்படுவது பற்றி நம் கவிஞர்களில் எத்தனை பேர் பேசினோம்? சமூகத்துக்கு எதிராகத் திருப்பிவிடுவார்கள் என்று பயந்தோம். திருப்பியவர்களும் இருந்தார்கள். அந்தப் பயம் பொய்யல்ல. ஆனாலும் இந்த ஊரில் படிப்பிக்கும் நானே அன்று ஒரு வரி எழுதவில்லை. வகுப்பில் அவள் வயதுப் பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இலக்கணம் நடத்தினேன். மேடையில் கவிஞரை எதிர்க்காமல் இருந்ததைவிட அதுவே எனக்கு இன்று பெரிய வெட்கம்.

'பேர்பெற்றவர்' என்றால் கிரிக்கட் வீரரும் சினிமாக்காரரும் மட்டுமல்ல. நூறு பேர் கூடும் விழாவில் பொன்னாடை வாங்குபவரும் அந்த நூறு பேருக்குப் பேர்பெற்றவரே. தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினராக 1947இல் தெரிவான சி.வி. வேலுப்பிள்ளை கவிஞராகவும் இருந்தார், தொழிற்சங்கமும் நடத்தினார். கவிஞன் கவிதையை மட்டும் பார்க்கட்டும் என்று அவர் இருந்திருந்தால் மலையகத்துக்கு அவரால் என்ன கிடைத்திருக்கும்?

விவாதப் பயிற்சியின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். முதலில் கேள்வி கேட்ட அந்த மாணவி, முல்லோயாவையும் டெவனையும் கேட்டபின் கட்சி மாறினாள். "பேசட்டும் சேர். ஆனா அடிபட்டவங்கள மொதல்ல கேட்டுட்டுப் பேசணும். பேசிட்டுப் போயிடாம திரும்பி வரணும்" என்றாள். நிபந்தனை இரண்டும் சரியானவை. வீரருக்கும் நடிகருக்கும் நம் கவிஞருக்கும் எனக்கும் பொருந்தும்.

கவிஞர் பதில் எழுதுவாரென்று எதிர்பார்க்கிறேன். மேடையில் கிடைத்த கைதட்டல் பதிலாகாது.