விலகும் உரிமையும் விலகும் முறையும்

தேசங்கள் பல கூடி ஒரே சந்தையாகவும், சில விஷயங்களில் ஒரே சட்டத்துக்குட்பட்டும் வாழ இசைந்த பின்னர், அவற்றுள் ஒன்று விலக விரும்பினால் என் செய்வது? இக்கேள்வியை ஏட்டளவில் விவாதித்த காலம் போய்விட்டது. பிரிட்டன் 2016-ம் வருஷம் ஜூன் மாதம் 23-ந் தேதி சர்வஜன வாக்கெடுப்பு நடத்தி, 2020-ம் வருஷம் ஜனவரி மாதம் 31-ந் தேதி ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியேறியது. விவாதம் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. விலகியது பிசகு, திரும்பச் சேர வேண்டுமென்போரும், சேரவே கூடாதென்போரும் அந்நாட்டில் இன்றும் வாதாடி வருகின்றனர். இவ்விவாதத்தில் போதிய கவனம் பெறாத ஒரு விஷயத்தை எடுத்துக்காட்டுவது நமது நோக்கம்.

முதலில் ஒன்றை ஐயந்திரிபறக் கூறிவிடுகிறோம். தானே விரும்பிச் சேர்ந்த கூட்டிலிருந்து விலகுவதற்கு ஒரு ஜனசமூகத்துக்குப் பூரண உரிமையுண்டு. யூனியன் உடன்படிக்கையின் 50-வது ஷரத்தே அவ்வுரிமையை ஒப்புக்கொள்கிறது. விலகலாமென்று வாக்களித்த 1 கோடியே 74 லட்சம் பேரையும் விவரமறியாதவர்களென்று ஏளனம் செய்வோருடன் நாம் சேரமாட்டோம். அவர்களுடைய குறை முற்றும் கற்பனையன்று. ஸ்பானிய முதலாளிகளின் மீன்பிடிக் கப்பல்கள் பிரிட்டிஷ் கப்பல்களாகப் பதிவு பெறுவதைத் தடுப்பதற்கு 1988-ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றிற்று. ஐரோப்பிய நீதிமன்றத்தின் தீர்ப்பையொட்டி 1990-ல் பிரபுக்கள் சபையின் நீதிபதிகளே அச்சட்டத்தை அக்கப்பல்கள் விஷயத்தில் நிறுத்திவைக்க நேர்ந்தது. தங்கள் பார்லிமெண்டுக்கு மேற்பட்ட அதிகாரம் கிடையாதென்று தலைமுறை தலைமுறையாக நம்பியிருந்த ஜனங்களுக்கு இது சிறிய விஷயமாகுமா?

ஆயினும், பிரிட்டனின் நிலைமையை அடிமைத்தளை என்று சிலர் வர்ணித்தது சற்றும் பொருந்தாது. அந்நிய ஆட்சிக்குட்பட்ட தேசத்துக்கு அந்த ஆட்சியில் வாக்கு ஏது? பிரிட்டனோ 1973-ல் தன் பார்லிமெண்டின் சம்மதத்துடன் சேர்ந்தது. 1975-ல் திருத்திய நிபந்தனைகளை ஜனங்கள் முன் வைத்து, நூற்றுக்கு 67 பேரின் ஆதரவைப் பெற்றது. ஐரோப்பியப் பார்லிமெண்டில் அதற்கு 73 ஸ்தானங்கள் இருந்தன. யூரோ என்னும் பொது நாணயத்தையும், எல்லைச் சோதனையை நீக்கும் ஷெங்கன் ஏற்பாட்டையும் ஏற்காமலேயே அங்கத்தினராக இருந்து வந்தது. கூட்டாளிக்கு மனக்கசப்பு உண்டாகலாம்; கணக்கைத் தீர்த்துக்கொண்டு போகவும் செய்யலாம். ஆனால் அதற்குச் சுதந்திரப் போர் என்று பெயரிடுவது, மெய்யாகவே சுதந்திரத்துக்காகச் சிறை சென்றவர்களுக்குச் செய்யும் நியாயமன்று.

அப்படியானால் பிசகு எங்கே நேர்ந்தது? ஜனங்களைக் கேட்டதில் பிசகில்லை. கேட்ட விதத்தில்தான் பிசகு. பிரதம மந்திரி மிஸ்டர் காமெரன் தமது கட்சியின் உட்பூசலைத் தீர்ப்பதற்கு ஜனவாக்கைக் கருவியாகக் கொண்டார். யூனியனில் நிலைப்பதற்குரிய நிபந்தனைகளை 2016-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் பேசி முடித்து, எழுத்தில் வாங்கி வந்தார். விலகுவதற்குரிய நிபந்தனைகளையோ ஒருவரும் எழுதவில்லை. நார்வேயைப் போல் சந்தைக்குள் இருந்துகொண்டு யூனியனுக்கு வெளியே நிற்பதா, கனடாவைப் போல் வியாபார ஒப்பந்தம் மட்டும் செய்துகொள்வதா, ஒப்பந்தமே இல்லாமல் போவதா என்பதை வாக்குச் சீட்டு சொல்லவில்லை. ஒருபுறம் பத்திரம், மறுபுறம் அவரவர் மனோரதம். வாரந்தோறும் 35 கோடி பவுன் ஐரோப்பாவுக்குப் போகிறதென்று பஸ்ஸின்மேல் எழுதிப் பிரசாரம் செய்தார்கள். பிரிட்டனுக்குத் திரும்பக் கிடைத்த தொகையைக் கழிக்காத கணக்கு அது என்று அந்நாட்டுப் புள்ளிவிவர அதிகாரிகள் ஆட்சேபித்தும் பிரசாரம் நிற்கவில்லை.

முடிவில் நூற்றுக்கு 52 பேர் விலகலாமென்றும், 48 பேர் நிலைக்கலாமென்றும் வாக்களித்தனர். ஸ்காட்லாந்தில் நூற்றுக்கு 62 பேரும், வட அயர்லாந்தில் ஏறக்குறைய 56 பேரும் நிலைக்கவே விரும்பினர். அதன்பின் நடந்ததை உலகம் அறியும். மிஸஸ் மே கொண்டுவந்த ஒப்பந்தத்தைக் காமன்ஸ் சபை 2019-ம் வருஷம் ஜனவரி மாதம் 15-ந் தேதி 432-க்கு 202 என்ற வாக்கு வித்தியாசத்தில் நிராகரித்தது. அவ்வருஷம் மார்ச்சு மாதம் 27-ந் தேதி எட்டு யோசனைகளை வரிசையாக எடுத்து, எட்டையும் தோற்கடித்தது. விலக வேண்டுமென்ற உத்தரவு இருந்தது. இன்ன வழியில் விலகவேண்டுமென்ற உத்தரவு எதுவுமில்லை. வட அயர்லாந்துக்கும் தென் அயர்லாந்துக்கும் நடுவே சுங்கச் சாவடி கூடாதென்பதற்காக, ஒரே ராஜ்யத்தின் இரு பகுதிகளுக்கிடையே சரக்குகளைச் சோதிக்கும் ஏற்பாடு வந்தது. அதை ஆட்சேபித்து ஒரு கட்சி மந்திரிசபையிலிருந்து விலகியதால், வட அயர்லாந்தில் 2022 பிப்ரவரி முதல் 2024 பிப்ரவரி வரையில் பொறுப்பாட்சியே ஸ்தம்பித்து நின்றது.

இதற்கு ஒரு ஆட்சேபம் கூறலாம். விலகுவதாக நோட்டீஸ் கொடுத்த பிறகுதான் யூனியன் பேச்சு வார்த்தைக்கு இசையும். ஆகையால் நிபந்தனைகளை முன்கூட்டியே காட்டுவது இயலாத காரியம் என்பர். உண்மைதான். அதனாலேயே இரண்டு வாக்கெடுப்புகள் அவசியமென்கிறோம். முதல் வாக்கு பேச்சு வார்த்தை நடத்த அதிகாரமளிப்பது; இரண்டாவது வாக்கு, பேசி வந்த நிபந்தனைகளை ஏற்பது அல்லது தள்ளுவது. கொடுத்த நோட்டீஸைப் பிரிட்டன் தானே ரத்துச் செய்துகொள்ளலாமென்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018-ம் வருஷம் டிசம்பர் மாதம் 10-ந் தேதி தீர்ப்பளித்தபடியால், சட்டத்திலும் இதற்குத் தடையில்லை. ஆனால் இந்த ஏற்பாட்டை 2015-ம் வருஷத்து வாக்கெடுப்புச் சட்டத்திலேயே எழுதியிருக்க வேண்டும். தோற்றபின் இரண்டாவது வாக்குக் கேட்பது, வேண்டிய பதில் வரும் வரையில் கேட்டுக்கொண்டிருப்பதாகவே ஜனங்களுக்குத் தோன்றும். அப்படித் தோன்றியதற்கு அவர்களைக் குறைகூற முடியாது.

விலகுவதென்றாலே சீரழிவு என்று பயமுறுத்துவோர் கிரீன்லாந்தைப் பார்க்கவேண்டும். ஐம்பதினாயிரம் ஜனத்தொகையுள்ள அத்தீவு, தன் ஜனங்களில் பெரும்பாலோர் வேண்டாமென்று வாக்களித்திருந்தும், 1973-ல் டென்மார்க்குடன் சேர்த்து ஐரோப்பியச் சமூகத்துக்குள் இழுத்துச் செல்லப்பட்டது. 1979-ல் உள்நாட்டு ஆட்சி பெற்று, 1982-ல் வாக்கெடுப்பு நடத்தி, மூன்று வருஷம் பொறுமையுடன் பேசி, 1985-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 1-ந் தேதி விலகியது. தனக்கு வேண்டியது தன் கடலிலுள்ள மீன் என்பதை அது அறிந்திருந்தது. மீன்பிடிக்கும் உரிமைக்கு ஐரோப்பா பணம் கொடுக்கவும், அதன் சந்தை தன் மீனுக்குத் திறந்திருக்கவும் ஏற்பாடு செய்துகொண்டது. வேண்டியது இன்னதென்று தெரிந்த சிறிய ஜனசமூகம் சாதித்ததை, அது தெரியாத பெரிய ராஜ்யம் சாதிக்கவில்லை.

இப்பொழுது பிரிட்டனில் திரும்பச் சேரவேண்டுமென்ற குரல் எழுந்திருக்கிறது. அதற்குக் காரணமில்லாமலில்லை. யூனியனில் இருந்திருந்தால் கிடைத்திருக்கக் கூடிய உற்பத்தித் திறனில் நாளடைவில் நூற்றுக்கு 4 பங்கு குறையுமென்று, பட்ஜெட்டைச் சுயேச்சையாக ஆராயும் அந்நாட்டு அலுவலகம் மதிப்பிட்டிருக்கிறது. ஆயினும், சேருவோமா வேண்டாமா என்று ஒற்றைச் சொல்லில் மறுபடியும் கேட்பார்களானால், 2016-ம் வருஷத்துப் பிசகையே மறுபக்கமிருந்து செய்தவர்களாவார்கள். முன்பு யூரோ விஷயத்தில் பெற்றிருந்த விலக்கு மீண்டும் கிடைக்குமென்பதற்கு என்ன உத்தரவாதம்? மீன்பிடிக் கடல் யார் வசம் இருக்கும்? இவற்றுக்குப் பதில் எழுத்தில் வந்த பிறகே ஜனங்களின் இறுதி வாக்கைக் கேட்கவேண்டும்.

இது நமக்கும் சம்பந்தமில்லாத விஷயமன்று. 2019-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் ஆசிய பிராந்திய வியாபார ஒப்பந்தத்தில் சேராமல் இந்தியா ஒதுங்கி நின்றது. 2025-ம் வருஷம் ஜூலை மாதம் 24-ந் தேதி அதே பிரிட்டனுடன் வியாபார ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. இரண்டு முடிவுகளும் சரியாகவே இருக்கலாம். ஆனால் பிரிட்டனில் ஒப்பந்தத்தை உறுதி செய்வதற்கு முன் 21 சபை நாட்கள் பார்லிமெண்டின் முன் வைக்கவேண்டுமென்று 2010-ம் வருஷத்துச் சட்டம் விதிக்கிறது. நம் நாட்டிலோ அத்தகைய சட்டமே இல்லை. மந்திரிகள் கையெழுத்திட்டால் தேசம் கட்டுப்பட்டுவிடுகிறது. நெசவாளியும் குடியானவனும் தங்களைப் பாதிக்கும் ஷரத்துக்களைக் கையெழுத்தான பிறகு பத்திரிகையில் படித்தறிவது குடியரசுக்கு அழகல்ல. சேருவதானாலும் விலகுவதானாலும் நிபந்தனைகளை முதலில் பார்லிமெண்டின் முன் வைக்கவேண்டுமென்று சட்டம் செய்யும்படி, ஜனப் பிரதிநிதிகளை வற்புறுத்துவது தேசபக்தர்களின் உடனடியான கடமையாகும்.