முதல் மாரத்தானுக்குப் பேர் கொடுக்கப் போறீங்களா? 21 கி.மீ.க்கு முன் 5 கி.மீ. ஏன் முக்கியம்?

டிசம்பரில் கோவை, ஜனவரியில் சென்னை என மாரத்தான் சீசன் களைகட்டுவது வழக்கம். 'ஆபீஸ்ல எல்லாரும் பேர் கொடுத்துட்டாங்க, நாமும் ஓடிடலாம்' என நேரடியாக 21 கி.மீ. பிரிவில் பதிவு செய்பவர்களும் உண்டு. இதுவரை ஓடியே பழகாத ஒருவருக்கு இது சரியான முடிவா?

எது மாரத்தான்?

பேச்சு வழக்கில் எல்லா ஓட்டமும் மாரத்தான்தான். உண்மையில் மாரத்தான் என்பது 42.195 கி.மீ. அதில் பாதி, அதாவது சுமார் 21.1 கி.மீ. அரை மாரத்தான். பெரும்பாலான நிகழ்வுகளில் 5, 10 கி.மீ. பிரிவுகளும் இருக்கும். புதியவர்களுக்கான வாசல் அதுதான்.

மூச்சு பழகிடும், எலும்பு?

சிக்கல் இங்கேதான். ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே இதயமும் நுரையீரலும் பழகிவிடும். 'இப்போ மூச்சு வாங்கலையே' என்று தூரத்தைக் கூட்டத் தோன்றும். ஆனால் தசைநார்களும் எலும்பும் வலுப்பெற மாதக்கணக்கில் ஆகும். இந்த இடைவெளியில்தான் முட்டி வலி, கெண்டைக்கால் முன்னெலும்பு வலி எல்லாம் வரும். மன உறுதி குறைவதைவிட, அவசரமே பலரைப் பாதியில் நிறுத்துகிறது.

9 வாரத் திட்டம் என்ன?

1996இல் அமெரிக்காவின் ஜோஷ் கிளார்க் உருவாக்கிய 'கவுச் டு 5கே' திட்டத்தை பிரிட்டனின் பொது சுகாதாரத் துறையான என்.எச்.எஸ். செயலியாகவே வழங்குகிறது.

• வாரம் 3 நாள் மட்டுமே ஓட்டம், இடையில் ஓய்வு
• முதல் வாரம்: 5 நிமிட வேக நடை. பிறகு 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என மாறி மாறி 20 நிமிடம்
• 5ஆவது வாரக் கடைசி: 20 நிமிடத் தொடர் ஓட்டம்
• 9ஆவது வாரம்: 30 நிமிடத் தொடர் ஓட்டம்

வேகத்துக்கு அளவுகோல், பேச்சு. ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் முழு வாக்கியம் பேச முடியணும். முடியலைன்னா வேகம் அதிகம். ஒரு வாரம் கஷ்டமாக இருந்தால் அதே வாரத்தை மறுபடி செய்யலாம்.

இதயத்துக்கு ஆபத்தா?

அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தான், அரை மாரத்தான் ஓடிய 1.09 கோடி பேரை ஆராய்ந்ததில், 59 பேருக்குத் திடீர் இதயத் துடிப்பு நிறுத்தம் (கார்டியாக் அரெஸ்ட்) ஏற்பட்டது. அதாவது ஆபத்து மிகக் குறைவு. ஆனால் முழு மாரத்தானில் அது அரை மாரத்தானைவிட அதிகமாக இருந்தது. சர்க்கரை, ரத்த அழுத்தம், குடும்பத்தில் இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

நம்ம ஊர் வெயிலில்?

கடலோர ஊர்களில் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் வியர்வை ஆவியாகாது, உடல் சூடு தணியாது. அதிகாலைதான் பாதுகாப்பான நேரம். தாகத்துக்கு ஏற்ப தண்ணீர் போதும். அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, அதுவே ஆபத்தாகலாம். ஓடும் இடம் தேடுபவர்களுக்கு, 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் தேர்வான 8 கி.மீ. பாதைகள் கைகொடுக்கும்.

அப்போ 21 கி.மீ. எப்போது?

5 கி.மீ.க்கு 9 வாரம், பிறகு 10 கி.மீ.க்கு இரண்டு, மூன்று மாதம், அதன்பின் 21 கி.மீ.க்கு இன்னும் இரண்டு, மூன்று மாதம். மொத்தத்தில் சுமார் 6 முதல் 8 மாத வேலை. ஜனவரி ஓட்டத்துக்கு அக்டோபரில் தொடங்குபவருக்கு 5 கி.மீ. நிச்சயம் கைகூடும். 21 கி.மீ. அடுத்த வருஷத்துக்கு இருக்கட்டும்.