பெட்டியில் எழுதியிருப்பதும் காதில் கேட்பதும்

கண்டியிலிருந்து புறக்கோட்டைக்குச் சரக்கெடுக்கப் போகும் நம்மவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. ஆனால் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டை என்று எங்கிருந்து புறப்பட்டு வந்து கொழும்பு பஸ்ஸில் ஏறினாலும், ஸலாம் சொல்லத் தெரிந்த முகம் ஒன்றாவது இருக்கும். சுமார் 115 கிலோமீற்றர் தூரம். கடுகண்ணாவை இறக்கம், மாவனல்லை நெரிசல், கேகாலை, வரக்காப்பொல, நிட்டம்புவ என்று ஊர்ந்து போய்ச் சேர மூன்று மணித்தியாலத்துக்கு மேலாகும். அவ்வளவு நேரமும் இஞ்சின் இரைச்சல், ஹோர்ன் சத்தம், போதாததற்கு சாரதிக்குப் பிடித்த பாட்டு. விலை பேசித் தீர்க்க வேண்டிய நேரத்தில் தலைவலியோடு இறங்குகிறோம்.

இந்தத் தொல்லைக்கு மருந்து என்று சொல்லித்தான் இரைச்சலைக் குறைக்கும் ஹெட்போன்கள் இப்போது எல்லாக் கடைகளிலும் தொங்குகின்றன. அவற்றைப் பற்றி எழுத எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, பயணம் செய்கிற நாம் அவற்றை வாங்குகிறோம். மற்றது, நம்மில் பலர் அவற்றை விற்கவும் செய்கிறோம். அடியேனும் அவர்களில் ஒருவன். கண்டி நகரில் கையடக்கத் தொலைபேசிச் சாமான்கள் விற்கும் சிறிய கடையொன்று எனக்குண்டு.

ஒரு நாள் தம்பி ஒருவர் கடைக்கு வந்து, முந்திய வாரம் என்னிடம் வாங்கிய பெட்டியை மேசைமேல் வைத்தார். "நானா, நீங்க சொன்ன மாதிரி பஸ் சத்தம் ஒண்டும் கொறயல்லயே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் பெட்டியைக் கையிலெடுத்து, முதன்முறையாக அதிலிருந்த சிறிய எழுத்துகளை வாசித்தேன். அதில் 'ஈ.என்.சி' என்றிருந்தது. நான் விற்றது 'ஏ.என்.சி' என்று சொல்லி. மொத்த வியாபாரி எனக்கு அப்படித்தான் சொன்னார். நானும் அதை அப்படியே திருப்பிச் சொல்லி இருபதுக்கு மேற்பட்ட பெட்டிகளை விற்றிருந்தேன்.

மூன்றுக்கும் ஒரே பெயர்

சந்தையில் 'இரைச்சலைக் குறைக்கும்' என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருட்கள் விற்கப்படுகின்றன.

முதலாவது, காதை இறுக்கி மூடுவது. ரப்பர் முனையோ தடித்த மெத்தையோ காதை அடைப்பதால் வெளிச்சத்தம் குறைகிறது. இதில் மின்சாரத்துக்கோ தொழில்நுட்பத்துக்கோ வேலையில்லை.

இரண்டாவது, ஈ.என்.சி. நீங்கள் தொலைபேசியில் பேசும்போது, உங்களைச் சுற்றியுள்ள இரைச்சல் அடுத்த முனையில் இருப்பவருக்குக் கேட்காதபடி மைக்கைச் சுத்தப்படுத்தும் முறை இது. பஸ்ஸிலிருந்து கொண்டே ஓடர் பேசும் வியாபாரிக்கு இது நல்ல பொருள்தான். ஆனால் இதனால் நிம்மதி கிடைப்பது மறுமுனையில் இருப்பவருக்கு; உங்கள் காதுக்கு அல்ல.

மூன்றாவதுதான் ஏ.என்.சி. ஹெட்போனில் உள்ள சிறிய மைக் வெளியிரைச்சலைக் கேட்கிறது. உள்ளேயுள்ள மின்சுற்று, அந்த ஒலியலையின் மேடு வரும் இடத்தில் பள்ளமும் பள்ளம் வரும் இடத்தில் மேடுமாக எதிரலை ஒன்றை உண்டாக்குகிறது. இரண்டும் காதருகே சந்தித்து ஒன்றையொன்று அடக்கிவிடுகின்றன.

இந்த யோசனை புதிதல்ல. ஜேர்மனியரான பௌல் லூக் 1936இலேயே இதற்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றிருந்தார். அதை ஹெட்போனாக்கி உலகச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர், வங்காளத்திலிருந்து அமெரிக்காவுக்குப் போன சுதந்திரப் போராட்டக்காரர் ஒருவரின் மகனான அமர் போஸ். 1978இல் சூரிச்சிலிருந்து பொஸ்டனுக்குப் பறந்தபோது, விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் இரைச்சலைத் தவிர ஒன்றும் சரியாகக் கேட்கவில்லையாம். அந்தப் பயணத்திலேயே கணக்குப் போடத் தொடங்கினார். அவரது நிறுவனம் விமானிகளுக்கான ஹெட்செட்டை 1989இலும், பயணிகளுக்கானதை 2000ஆம் ஆண்டிலும் சந்தைக்கு விட்டது.

விமானத்துக்கென்று பிறந்த இந்தப் பொருள், தாழ்ந்த தொனியில் இடைவிடாமல் இரையும் சத்தத்தைத்தான் நன்றாக அடக்கும். பஸ் இஞ்சின், ஏசி, ரயில் பெட்டியின் இரைச்சல், விமானத்தின் உறுமல் எல்லாம் இந்த வகை. திடீரென்று எழும் ஹோர்ன், குழந்தையின் அழுகை, "கொழம்ப கொழம்ப" என்று கூவும் நடத்துனரின் குரல் ஆகியவற்றை அது முழுதாக அடக்காது. அசலான பொருளில்கூட இது குறையல்ல, அதன் இயல்பு. பூரண அமைதி கிடைக்கும் என்று ஒருவர் சொன்னால் அவருக்குப் பொருள் தெரியவில்லை, அல்லது தெரிந்தே சொல்கிறார்.

எவ்வளவு கொடுக்கலாம்?

2022இல் வெளிவந்த சோனியின் உயர்தர ஹெட்போன் வெளிவந்தபோது அமெரிக்காவில் சுமார் 400 டொலராக இருந்தது. 2020இல் அங்கர் நிறுவனம் சவுண்ட்கோர் என்ற பெயரில் விட்ட ஒன்று வெளிவந்தபோது 80 டொலராக இருந்தது. விலையில் ஐந்திலொரு பங்கு. வித்தியாசம் இல்லாமலில்லை. ஆனால் பஸ் இரைச்சல் குறைந்து கண்ணயர வேண்டும் என்பவருக்கு இந்த இரண்டாந்தர விலையே தாராளமாகப் போதும் என்பது என் அபிப்பிராயம். மிகுதிப் பணம் கடையில் சரக்காக நிற்கட்டும். அதேவேளை, பிரபல கம்பனியின் பெயரோடு பத்திலொரு பங்கு விலைக்கு ஒன்று கிடைத்தால் அது கொப்பி என்று தயங்காமல் முடிவு செய்யுங்கள்.

அதுவும் கட்டுப்படியாகாதவர்கள் மருந்துக்கடையில் பஞ்சு போன்ற காதடைப்பான் வாங்கலாம். மிகச் சொற்ப விலை. சரியாக உருட்டிச் செருகினால் தூங்குவதற்கு அதுவே போதும். பாட்டோ பயானோ கேட்க முடியாது என்பது மட்டும்தான் குறை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில உண்டு. காதை முழுதாக மூடும் வகை நன்றாகச் சத்தத்தைக் குறைக்கும், ஆனால் கொழும்பு வெயிலில் வியர்க்கும். மூக்குக்கண்ணாடியின் காம்பும் பெண்களின் ஹிஜாபும் மெத்தைக்கு இடையில் வந்தால் சத்தம் உள்ளே கசியும். அத்தகையோருக்குக் காதுக்குள் செருகும் வகையே பொருத்தம். அதிலும் காதின் அளவுக்கேற்ற ரப்பர் முனையைத் தெரிவு செய்யாவிட்டால் ஏ.என்.சி இருந்தும் பயனில்லை. பெட்டரி எத்தனை மணித்தியாலம் என்பதை ஏ.என்.சி ஓடும் நிலையில் கேளுங்கள். பெட்டியில் பெரிதாகப் போடுவது அது நிறுத்தப்பட்ட நிலையின் கணக்காக இருக்கலாம். இரண்டு போன் வைத்திருப்பவர்கள் ஒரே நேரத்தில் இரண்டோடும் இணையுமா என்று பாருங்கள். உம்ராவுக்கோ சீனாவுக்கோ விமானத்தில் போகிறவர்களுக்கு வயர் செருகும் வசதி உதவும். '40 டெசிபல் வரை' என்பது போன்ற எண்களை நம்பி மட்டும் வாங்காதீர்கள். அது ஏதோ ஒரு தொனியில் கிடைத்த உச்ச அளவு, எல்லாச் சத்தத்துக்கும் பொதுவானதல்ல.

இதையெல்லாம் விட நம்பகமான சோதனை ஒன்றுண்டு. அதற்குச் செலவில்லை. பாட்டு எதையும் போடாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கடையின் மின்விசிறிக்கோ ஏசிக்கோ பக்கத்தில் நில்லுங்கள். இயலுமானால் இஞ்சின் ஓடிக்கொண்டு நிற்கும் பஸ்ஸின் அருகே போங்கள். ஏ.என்.சியைப் போட்டும் நிறுத்தியும் பாருங்கள். இரைச்சல் அப்படியே அமிழ்ந்து, பிறகு மீண்டும் எழுந்தால் அது அசல். எந்த மாற்றமும் இல்லையென்றால் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். போட்டுப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள். வாங்கினால் பற்றுச்சீட்டில் 'ஏ.என்.சி உண்டு' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிறவரின் தயக்கமே பதில்.

காதும் உயிரும்

இது சொகுசு விடயம் மட்டுமல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி பெரியவர்கள் 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் நான்கே மணித்தியாலம். சாதாரண ஹெட்போன் போட்டவர் பஸ் இரைச்சலையும் மீறிக் கேட்கவேண்டும் என்று சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார். அது 90ஐ எட்டினால், கொழும்புக்குப் போகும் ஒரு பயணத்திலேயே அந்த வாரத்தின் அளவு ஏறக்குறைய தீர்ந்துவிடும். திரும்பி வர வேண்டியது பாக்கி. வெளியிரைச்சலைக் குறைத்தால் குறைந்த சத்தத்திலேயே கேட்கலாம் என்பதுதான் இதன் உண்மையான இலாபம்.

ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கழற்றிவிடுங்கள். காதை அடைத்துக்கொண்டு ரயில் பாதையில் நடந்து உயிரிழந்தவர்களைப் பற்றி நம் நாட்டுப் பத்திரிகைகளில் எத்தனையோ முறை வாசித்துவிட்டோம். புறக்கோட்டையில் நாட்டாமியின் கைவண்டியும் முச்சக்கரவண்டியும் முதுகுப்பக்கமாகத்தான் வரும்.

விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வாடிக்கையாளர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்கிறது. பொருளைப் பற்றிப் பிழையாகச் சொல்லி விற்பதையும் தடுக்கிறது. முறைப்பாடு செய்ய 1977 என்ற இலக்கம் இருக்கிறது. ஆனால் நமக்குச் சட்டத்துக்கு முந்திய கணக்கொன்று உண்டல்லவா? நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரமிருப்பதைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட சம்பவத்தை நாம் ஜும்ஆவில் கேட்டு வளர்ந்தவர்கள். அந்த வியாபாரி மழைமேல் காரணம் சொன்னார். நான் மொத்த வியாபாரிமேல் சொன்னேன். பெட்டியிலுள்ள சிறிய எழுத்துதான் இன்றைய ஈரம்.

2022இல் 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டு மூன்று மாதங்களில் 350ஐத் தாண்டிய நாட்களிலிருந்து, வாடிக்கையாளர் முதலில் கேட்பது விலையைத்தான். உண்மையைச் சொன்னால் வியாபாரம் அடுத்த கடைக்குப் போய்விடும் என்ற பயம் நியாயமானதே. எனக்கும் போயிருக்கிறது. அந்தத் தம்பிக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மற்றவர்களில் தேடிப் பிடிக்க முடிந்தவர்களுக்கும் கொடுத்தேன். முடியாதவர்களின் கணக்கு இன்னும் என்மேல் இருக்கிறது. மிகுதிப் பெட்டிகளை எறியவில்லை. 'பேசுவதற்கு நல்லது, பஸ் சத்தத்தைக் குறைக்காது' என்று சிங்களத்திலும் தமிழிலும் எழுதி, விலையைக் குறைத்து வைத்தேன். மெதுவாகத்தான் விற்றது. ஆனால் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

உங்கள் கடையிலும் அப்படியொரு பெட்டி இருந்தால், இன்று இரவு கடை மூடுமுன் அதை ஒருமுறை எடுத்து வாசித்துப் பாருங்கள். நம் எல்லோருடைய வியாபாரத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.