வாக்குரிமை யாரும் போட்ட பிச்சை அல்ல

பசறையிலும் நமுனுகுலையிலும் ஹாலிஎலயிலும் ஹப்புத்தளையிலும் படிக்கும் தம்பி, தங்கைகளே!

தேர்தல் வந்தால் லயத்துக்கு வருகிறவர்கள், "உங்களுக்குப் பிரஜாவுரிமை வாங்கித் தந்ததே நாங்கள்தான்" என்பார்கள். நம்பாதீர்கள். நம்மிடம் பறித்ததைத் திருப்பித் தந்துவிட்டு நன்றி கேட்கும் கதை அது.

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோதே நம் பாட்டன், பாட்டிமாரில் பலர் வாக்களித்தார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸின் 7 பேரைப் பாராளுமன்றம் அனுப்பினார்கள். வேறு தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் நம் வாக்கு விழுந்தது. அது ஆட்சியாளரின் கண்ணை உறுத்தியது. மறுவருடமே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இங்கே பிறந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும், அதற்கு அத்தாட்சியும் வேண்டும் என்றார்கள். அந்தக் காலத்து லயத்தில் பிறந்தவனுக்கு அத்தாட்சிப் பத்திரம் ஏது? 1949இல் வாக்கும் போனது.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று இரண்டு பிரதமர்கள் நம்மைப் பங்கு போட்டார்கள். நம்மிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உறவுகளைப் பிரித்து ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு நம் சனங்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. எஞ்சியவர்களின் நாடற்ற நிலையை முடிக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. 55 வருடம்!

வாக்குக் கிடைத்த பிறகாவது சமமானோமா? பிரதேச சபைக்கு வாக்களித்தோம். ஆனால் அந்தச் சபையின் பணத்தில் தோட்டத்துக்குள் வேலை செய்ய, 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு குறுக்கே நின்றது. அதைத் திருத்த 2018 ஆனது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. ஆபத்து என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். சொந்தக் காணி இல்லாத சனம் எங்கே போகும்?

வாக்குச் சீட்டுக்கு வலிமை இல்லையென்றால் 1949இல் அதை ஏன் பறித்தார்கள்? 18 வயதை நெருங்குகிறவர்கள் கிராம உத்தியோகத்தரிடம் போய், வாக்காளர் இடாப்பில் பெயரைப் பதியுங்கள். வாக்குக் கேட்டு வருகிறவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: நாங்கள் குடியிருக்கும் காணிக்கு உறுதி எப்போது?

பதில் சொல்லாதவருக்கு நம் வாக்கு இல்லை.