குழந்தையின் நாக்குக்கு வேலை, தாய்க்கு ஓய்வு!

நைனார்பாளையத்தில் ஒரு வீடு என்று வைத்துக் கொள்ளுங்கள். பிறந்து பதினைந்து நாள் ஆன குழந்தை. மார்பில் போட்டால் பிடிக்கிறது. உடனே நழுவி விடுகிறது. தாய்க்கோ காம்பு வெடித்து உயிர் போகிற வலி.

"அவளுக்குப் பால் இல்லை" என்கிறார்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். பால் இருக்கிறது. குழந்தைக்குத்தான் இழுத்துக் குடிக்க முடியவில்லை.

காரணம் என்ன? நாக்கின் அடியில் ஒரு மெல்லிய சவ்வு உண்டு. எல்லோருக்கும் இருப்பதுதான். சில குழந்தைகளுக்கு அது குட்டையாக இருக்கும். நாக்கு வெளியே நீளாது, மேலே எழும்பாது. இதுதான் நாக்கு ஒட்டு.

ஒட்டு உள்ள குழந்தைக்கெல்லாம் ஆபரேஷன் தேவை இல்லை. மார்பில் பிடிக்க வைக்கும் முறையைத் திருத்தினாலே பல குழந்தைகள் நன்றாகக் குடித்து விடும். அதற்கும் சரிப்படாவிட்டால்தான் டாக்டர் அந்தச் சவ்வைக் கத்தரித்து விடுகிறார். கைக்குழந்தைக்கு இது நொடியில் முடிகிற காரியம். இரண்டொரு சொட்டு இரத்தம் வரும். உடனே பால் கொடுத்தால் பெரும்பாலும் அதுவும் நின்று விடும்.

டாக்டரின் வேலை முடிந்தது. வீட்டாரின் வேலை இனிமேல்தான் ஆரம்பம்!

தேன் தடவாதீர்கள்

ஓரிரு நாளில் நாக்கின் அடியில் வெள்ளையாகவோ, மஞ்சளாகவோ ஒரு திட்டு தெரியும். "ஐயோ, சீழ் பிடித்து விட்டதே!" என்று பாட்டி பதறுவார். அது சீழ் அல்ல. வாய்ப் புண் ஆறுகிற விதமே அப்படித்தான். ஒன்றிரண்டு வாரத்தில் தானாக மறைந்து விடும். அதைச் சுரண்டக் கூடாது.

மஞ்சள், வசம்பு, தேன் எதையும் அதன் மேல் தடவக் கூடாது. பாட்டியின் அன்பில் குறை இல்லை. ஆனால் தேனில் ஒரு கிருமி இருக்கக் கூடும். ஒரு வயது நிரம்பாத குழந்தையின் உடலைத் தளர வைத்து, மூச்சுக்கே ஆபத்து உண்டாக்க வல்லது அது.

தினமும் பல தடவை விரலை விட்டு நாக்கைத் தூக்கி இழுக்க வேண்டும் என்று சொல்கிறவர்களும் உண்டு. இதனால் பலன் இருப்பதாக நிரூபணம் ஆகவில்லை என்று அமெரிக்கக் குழந்தை டாக்டர்கள் சங்கம் 2024-ல் தெரிவித்தது. வாயில் வலி கண்ட குழந்தை பால் குடிக்கவே பயப்படும் அல்லவா?

எது நல்ல மருந்து?

தாய்ப்பால் குடிப்பதுதான் நாக்குக்கு நல்ல பயிற்சி. கட்டுண்டு கிடந்த நாக்கு புதிதாகச் சப்பப் பழக வேண்டும். சில குழந்தைகள் அன்றே பழகி விடும். சில குழந்தைகளுக்கு இரண்டு, மூன்று வாரம் ஆகும். அதுவரை 2 அல்லது 3 மணிக்கு ஒரு தடவை, இரவிலும், பால் கொடுக்க வேண்டும். குழந்தை வாயை அகலத் திறந்து, காம்போடு அதைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டத்தையும் கவ்வும்படி பார்த்துக் கொள்ள வேண்டும்.

இதற்குத் தாய் வீட்டில் இருக்க வேண்டாமா? காலையில் மக்காச்சோளக் காட்டுக்குக் களை எடுக்கப் போய், பொழுது சாய்ந்து திரும்பினால் என்ன ஆகும்? குழந்தை புட்டிக்குப் பழகும். தாய்ப்பால் வற்றும். கத்தரி பட்டதுதான் மிச்சம்!

ஏழைத் தாய்மார்களின் கூலி இழப்பை ஈடு செய்யவே தமிழக அரசு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு நிதி உதவியை ஏற்படுத்தியது. 2018-ல் அது 18,000 ரூபாயாக உயர்ந்தது. அந்தப் பணம் பழைய கடனுக்குப் போகக் கூடாது. தாயின் ஓய்வுக்கும் உணவுக்குமே ஆக வேண்டும்.

கணவன் இரண்டு குடம் தண்ணீர் கொண்டு வந்தால் கௌரவம் குறைந்து விடுமா? மாமியார் ஒரு மாதம் அடுப்பைப் பார்த்துக் கொள்ளக் கூடாதா?

எப்போது ஓட வேண்டும்?

சுத்தமான துணியால் 10 நிமிஷம் அழுத்தியும் இரத்தம் நிற்கவில்லையா? காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டதா? குழந்தை பால் குடிக்க மறுக்கிறதா? ஒரு நாளைக்கு 6 தடவைக்கும் குறைவாகச் சிறுநீர் போகிறதா? ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும். 2022 ஜனவரியில் கள்ளக்குறிச்சியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டு விட்டது. அப்படி இருக்க, மந்திரிக்கிறவரைத் தேடிப் போவானேன்?

கத்தரி டாக்டர் கையில். குணம் வீட்டார் கையில்!